எல்லை மரத்தின் பதினோரு காய்கள்

பண்ருட்டிக்காரனுக்கு எந்த நாட்டுக்குப் போனாலும் ஒரு திமிர் உண்டு. முள் வைத்த பழம் எதுவானாலும் அது எங்கள் பலாவுக்குத் தம்பி முறை என்று நினைத்துக்கொள்வான். அந்தத் திமிரோடுதான் நான் மலேசியாவின் கெடா மாநிலத்தில் போய் இறங்கினேன். ஐந்தாம் நாள் காலை பத்து மணிக்கு அது என்னை விட்டு இறங்கியது.

போன காரணம் கல்யாணம். என் அக்கா செல்வியை இருபத்தெட்டு வருடங்களுக்கு முன்னால் அங்கே திகாம் பத்து என்கிற ஊர்ப் பக்கத்தில் கட்டிக்கொடுத்தோம். அவள் மகள் தர்ஷினிக்குக் கல்யாணம், நான் தாய்மாமன். தாய்மாமன் மூன்று வாரம் முன்னதாகவே வந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று எந்தச் சம்பிரதாயமும் இல்லை. ஆனால் அது டுரியான் பழக் காலம் என்று அக்கா போனில் சொல்லிவிட்டாள். அதற்கப்புறம் எனக்குப் பாசம் பொங்கிவிட்டது.

அழைத்துப் போக மணி மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர், மோட்டார் சைக்கிளில் வந்திருந்தார். அங்கே அதற்கு மோட்டோ என்று பெயர்.

"கார தர்ஷினி பேக்டரிக்கு எடுத்துட்டுப் போயிட்டா மச்சான். ஒரு பெட்டி முன்னால, ஒரு பெட்டி உன் மடியில. போலே லா."

போலே என்றால் முடியும் என்று அர்த்தம்; லா என்பது அங்கே பேச்சுக்கு ஒட்டுகிற வால். முடியவில்லை. ஒரு வளைவில் மாமாவும் மோட்டோவும் இடது பக்கம் போனார்கள், நானும் பெட்டியும் நேராகப் போனோம். சாலையோரச் சாக்கடையில் தண்ணீர் இல்லாதது நான் செய்த புண்ணியம். மாமா அரைக் கிலோமீட்டர் தூரம் என்னிடம் ஊர்க் கதை பேசிக்கொண்டே போயிருக்கிறார். நான் பதில் சொல்லாததை அவர் பயணக் களைப்பு என்று எடுத்துக்கொண்டாராம். திரும்பி வந்து பார்த்தபோது, ஒரு மலாய்க்காரப் பெண்மணி என்னைத் தூக்கி நிறுத்திச் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தார். மாமாவிடம் அவர் மலாயில் ஏதோ சொன்னார்.

"என்ன சொல்றாங்க?"

"சாமானைக் கட்டின கயித்துல ஆளையும் சேத்துக் கட்டியிருக்கணும்னு சொல்றாங்க."

பெட்டியில் இருந்த முறுக்கெல்லாம் மாவாகிவிட்டது. அக்கா அதைக் கோழிகளுக்குக் கொட்டினாள். கெடாக் கோழிகள் என் மனைவியின் கைமுறுக்கை மறுப்பில்லாமல் சாப்பிட்டன. எங்கள் வீட்டில் அந்த அளவு ஒற்றுமை கிடையாது.

மறுநாள் திகாம் பத்துக் கடையில் பசியாறினோம். காலைச் சாப்பாட்டை அங்கே பசியாறுவது என்கிறார்கள். அந்தச் சொல்லே பாதி வயிற்றை நிரப்புகிறது. மீதிப் பாதிக்கு ரொட்டி சானாய் இரண்டும் பருப்புக் குழம்பும் போதும். நான் நாலு சாப்பிட்டேன். டீ கொண்டுவந்து வைத்தார்கள். எங்கள் பேருந்து நிலையத்து டீ நாலு கிளாஸை ஊற்றினால்தான் அந்த ஒரு கிளாஸ் நிறையும். பக்கத்து மேஜையில் ஒரு சீனப் பெரியவர் தன் சிநேகிதரிடம் மலாயில் குறைப்பட்டுக்கொண்டிருந்தார். மாமா எனக்கு மெதுவாக மொழிபெயர்த்தார்: "இந்த வருஷம் மழை தப்பான நேரத்துல பெய்யுது. பூவெல்லாம் கொட்டிப்போச்சு. நமக்கு வயசாயிட்டது மரத்துக்குத் தெரிஞ்சிடுச்சு போல."

கடையில் இருந்த எல்லோரும் மாமாவிடம் கல்யாணத்தைப் பற்றி விசாரித்தார்கள். மாமா எல்லோருக்கும் சிரித்துப் பதில் சொன்னார். "அண்ணன் எப்படி இருக்காரு?" என்று ஒருவர் கேட்டதும் டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்துவிட்டார்.

அன்று மதியம் அக்காவிடமிருந்து விஷயம் வந்தது. மாமாவுக்கு ஒரு அண்ணன், கோவிந்தன். பக்கத்து வீடு அவருடையதுதான். பழைய தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது இவர்களுடைய அப்பா வாங்கிய மூன்று ஏக்கரை ஆளுக்குப் பாதியாக வைத்திருக்கிறார்கள். கொஞ்சம் கித்தா மரம், அதாவது ரப்பர், கொஞ்சம் எண்ணெய் எடுக்கிற செம்பனை, கோழி, வாழை. இரண்டு நிலத்துக்கும் நடுவே அன்னாசிச் செடி வரிசை ஒன்று எல்லையாக ஓடுகிறது. அந்த வரிசையின் நட்டநடுவில் ஒரு டுரியான் மரம். மூன்று வருடங்களுக்கு முன் அதன் கிளை ஒன்று தன் கூரைமேல் சாய்கிறது என்று பெரியவர் கோவிந்தன் கேட்காமல் வெட்டிவிட்டார். அதுதான் நிறையக் காய்க்கிற கிளை. மாமா ஏதோ சொன்னார், பெரியவர் வேறு ஏதோ சொன்னார். அதிலிருந்து பேச்சு வார்த்தை இல்லை.

"சரி, வேற வேற வீடு, விட்டுட்டுப் போக வேண்டியதுதானே," என்றேன்.

அக்கா ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்து என் மடியில் வைத்தாள். அழைப்பவர் இடத்தில் முதல் பெயர் கோவிந்தன். அதற்குக் கீழேதான் மாமாவின் பெயர்.

"குடும்பத்துல மூத்தவரு பேரு இல்லாம எப்படி அடிக்கிறது? முந்நூறு கார்டுல முக்காவாசி ஊரெல்லாம் போயாச்சு."

"அவரு ஒத்துக்கிட்டாரா?"

"அவருக்குத் தெரியாது."

"தெரியாதா?"

"கேட்டா வேணாம்னுடுவாரு. வேணாம்னு சொன்னப்புறம் அடிச்சா அது தப்பு. அதனால கேக்காமலே அடிச்சுட்டாரு உங்க மாமா. அடிச்சதுலேருந்து மனுஷனுக்குத் தூக்கம் இல்ல. தட்டத் தூக்கிட்டுப் போய் நின்னு, அண்ணன் கதவச் சாத்திட்டா அப்புறம் இந்த ஜென்மத்துல அந்த வாசப்படி கிடையாது."

தர்ஷினி வேலையிலிருந்து வந்ததும் தன் பங்கைச் சொன்னாள். ஆறு வருடம் அவளைத் தமிழ்ப் பள்ளிக்கு மோட்டோவில் ஏற்றிப் போனவர் பெரியப்பா. "பெரியப்பா வரலைன்னா நான் மணவறையில உக்கார மாட்டேன் மாமா. அப்பாகிட்ட சொல்லிட்டேன். இது சும்மா பேச்சு இல்ல லா." அந்த 'லா'வில் ஒரு பூட்டு விழுந்த சத்தம் கேட்டது.

மூன்றாம் நாள் விடிகிற நேரத்தில் அந்த மரத்தைப் பார்த்தேன். அங்கே ஏழு மணிக்குத்தான் விடிகிறது. எங்கள் ஊரில் சூரியனை அவ்வளவு நேரம் தூங்க விடமாட்டோம். மாமா மோட்டோ ஹெல்மெட்டைத் தலையில் மாட்டிக்கொண்டு எனக்கும் ஒன்று கொடுத்தார். டுரியானைப் பறிக்கக் கூடாதாம். அதுவாகப் பழுத்து அதுவாக விழ வேண்டும். விழுகிறபோது கீழே நிற்கிறவன் தலைக்கு அது பொறுப்பில்லை. அன்னாசி வரிசைக்கு அந்தப் பக்கம் பெரியவரும் ஹெல்மெட்டோடு வந்தார். இரண்டு விண்வெளி வீரர்கள் ஒரே நிலாவில் இறங்கி, முகம் பார்க்காமல் கல் பொறுக்குவது போல இருந்தது.

பேச்சு நின்றபின் அவர்களுக்குள் ஒரே ஒரு சட்டம்தான். இந்தப் பக்கம் விழுந்தால் இவருக்கு, அந்தப் பக்கம் விழுந்தால் அவருக்கு. மரமே நீதிபதி. நான் பார்க்கும்போதே ஒரு பழம் அந்தப் பக்கம் தொம்மென்று விழுந்து, சரிவில் உருண்டு எங்கள் பக்கம் வந்து நின்றது. நான் குனிந்தேன்.

"தொடாத மச்சான். விழுந்த இடம்தான் கணக்கு, உருண்ட இடம் இல்ல," என்றார் மாமா. காலால் அதை மெதுவாக அன்னாசிச் செடிகளுக்கு நடுவே தள்ளிவிட்டார். அந்தப் பக்கம் ஒரு கை அதை எடுத்துக்கொண்டது. நன்றி என்ற சொல்லும் இல்லை, பார்வையும் இல்லை. நேர்மை மட்டும் இருந்தது. இவ்வளவு யோக்கியமாகச் சண்டை போடுகிறவர்களை எங்கள் ஊரில் நான் பார்த்ததில்லை.

அன்று சாப்பிட்ட பழத்தைப் பற்றி எழுத வேண்டும். புளுட் என்கிற ஒட்டரிசிச் சோற்றில் தேங்காய்ப்பால் ஊற்றி, அதன்மேல் டுரியான் சுளையை வைத்துக் கொடுத்தாள் அக்கா. முதல் வாயில் ஊரைவிட்டு ஓடலாமா என்று தோன்றியது. இரண்டாம் வாயில் யோசித்தேன். மூன்றாம் வாயில் தட்டை நீட்டினேன். எங்கள் பலாவுக்கு இது தம்பியில்லை, சம்பந்தி என்று முடிவு செய்தேன்.

நான்காம் நாள் பத்திரிகை கொடுக்க அலோர் ஸ்டார் பக்கம் போனோம். மெர்கோங்கில் மாப்பிள்ளை வீட்டு உறவு ஒன்று. தர்ஷினிதான் காரை ஓட்டினாள். இரண்டு பக்கமும் வயல். தஞ்சாவூர்ப் பக்கம் போனது போலவே இருந்தது, மாடும் சினிமா போஸ்டரும்தான் இல்லை. மெர்கோங்குக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால் டயர் உட்கார்ந்துவிட்டது. நான் இறங்கி, ஆம்பிளை என்கிற முறையில் டயரைச் சுற்றி நடந்து பார்த்தேன். அதற்குமேல் எனக்கு எதுவும் தெரியாது. லாரியில் போன ஒரு மலாய் அண்ணன் நிறுத்தி, பத்து நிமிடத்தில் மாற்றிக் கொடுத்தார். என்னைக் காட்டித் தர்ஷினியிடம் ஏதோ கேட்டார். அவள் சிரித்துக்கொண்டே திரும்பிச் சொன்னாள்: "இவரு காரோட வந்தாரா, இல்ல கார் இவரோட வந்துச்சான்னு கேக்குறாரு."

தர்ஷினி அவருக்கு அங்கேயே ஒரு பத்திரிகையைக் கொடுத்துவிட்டாள். குடும்பத்தோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் காரைக் கிளப்பினாள். பிறகு சொன்னாள்.

"டயர் மாத்துனவருக்குக் கார்டு குடுத்தாச்சு. பக்கத்து வீட்டுக்குக் குடுக்க முடியல. என்ன குடும்பம் மாமா இது."

அந்தக் கேள்விதான் என்னைக் கெடுத்தது. பொறுப்பான தாய்மாமன் ஒருவன் எனக்குள் எழுந்து உட்கார்ந்தான். அன்று சாயங்காலம் அக்கா பேச்சுவாக்கில் ஒன்று சொன்னாள். பெரியவருக்கு எந்தப் பழமும் அந்த எல்லை மரத்துப் பழம் மாதிரி வராதாம், அதுவும் கீழ்க்கிளைப் பழம். நான் திட்டம் போட்டேன். ஒரு கூடை பழம், மேலே பத்திரிகை, நடுவில் நான். எந்த மனிதன் கதவைச் சாத்துவான்?

ஐந்தாம் நாள் மாமா கித்தாக் கட்டியை விற்கப் போய்விட்டார். அக்கா சமையலறையில் இருந்தாள். செம்பனைக் குலை வெட்டுகிற நீளமான அலுமினியக் கம்பு சுவரோரம் சாய்ந்திருந்தது. நுனியில் அரிவாள். பறிக்கக் கூடாது என்று மாமா சொன்னது எனக்கு மறக்கவில்லை. ஆனால் அது காத்திருக்கத் தெரிந்த சோம்பேறிகளின் முறை என்று என் பண்ருட்டி மூளை சொன்னது. நாங்கள் பலாவைத் தட்டிப் பார்த்து, சத்தம் கேட்டு, வெட்டி இறக்குகிறவர்கள். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கம்பால் ஒரு காயைத் தட்டினேன். தொம் என்றது. ஆகா, முற்றிவிட்டது.

பதினொன்று வெட்டினேன். பெரியவரின் கோழிக்கூண்டு அந்தப் பக்கம் இருந்ததால், அதன்மேல் விழுந்துவிடக் கூடாதே என்ற மரியாதையில் ஒவ்வொன்றையும் எங்கள் பக்கமாக இழுத்து இழுத்து வெட்டினேன். பதினொன்றும் எங்கள் பக்கமே விழுந்தன.

டுரியான் பகல் பத்து மணிக்கு அப்படி விழாது. அதுவும் வரிசையாக, நடுநடுவே ஒருவன் மூச்சு வாங்குகிற சத்தத்தோடு. பெரியவர் உள்ளேயிருந்து எண்ணிக்கொண்டே வந்திருக்கிறார்.

"பதினொண்ணு," என்றார் அன்னாசி வரிசைக்கு அந்தப் பக்கம் நின்று. "தம்பி, யாரு வெட்டச் சொன்னா?"

"யாரும் சொல்லலைங்க."

"எல்லாம் அந்தப் பக்கமே விழுந்திருக்கே."

"நான்தாங்க இழுத்தேன்."

"யாரு இழுக்கச் சொன்னா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் கண்ணுக்கு இது என்னவாகத் தெரிந்திருக்கும்? தம்பி ஊரிலிருந்து மச்சானை வரவழைத்து, தான் வெளியே போய்விட்டு, மரத்தை மொத்தமாக மொட்டையடிக்க வைத்திருக்கிறான். மூன்று வருடம் உருண்ட பழத்தைக்கூடத் திருப்பிக் கொடுத்த மனுஷனின் மரியாதையை நான் அரைமணி நேரத்தில் சாய்த்துவிட்டேன். முந்நூறு பத்திரிகையும் என் கண் முன்னால் பறந்தன.

அந்த நேரம் பார்த்து மாமா வந்தார். கம்பைப் பார்த்தார், காய்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மோட்டோவை அணைக்கக்கூட மறந்து, எஞ்சின் ஓடுகிற வண்டியைப் பிடித்துக்கொண்டே நின்றார். அக்கா கரண்டியோடு வெளியே வந்து அப்படியே நின்றாள்.

"மச்சான், சொல்லு அவர்கிட்ட. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லு," என்றார் மாமா.

பெரியவர் ஆறடி தூரத்தில்தான் நின்றார். "தம்பி, எனக்குக் காது இருக்குன்னு சொல்லு உங்க மாமாகிட்ட."

"மாமா, அவருக்குக் காது இருக்காம்," என்றேன்.

"விழுந்த பழத்துக்கு ஒரு பக்கம் இருக்கு. வெட்டுன காய்க்கு எந்தப் பக்கம்? அதக் கேளு."

"மாமா, வெட்டுன காய்க்கு..."

"கேட்டுச்சு லா," என்றார் மாமா.

நிலைமையைக் காப்பாற்ற வேண்டும் என்று, பழம் நன்றாகத்தான் இருக்கிறது, பாதி பாதி எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லி, மாமாவின் வெட்டுக் கத்தியை எடுத்து ஒரு காயைப் பிளந்தேன். பிளந்தேன் என்பது எழுத்துக்காகச் சொல்வது. கத்தி பாதியில் மாட்டிக்கொண்டது. காலை வைத்து மிதித்து, காலில் முள் குத்தி, ஒருவழியாகத் திறந்தேன். உள்ளே வெள்ளை வெளேரென்று சுளை, கல் மாதிரி. வாசனை வெள்ளரிப் பிஞ்சு வாசனை.

சகோதரர்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் குனிந்தார்கள். பெரியவர் அன்னாசியைத் தாண்டி வந்துவிட்டதை அவரே கவனிக்கவில்லை. மாமா நகத்தால் சுளையைக் கீறி முகர்ந்தார். பெரியவர் காம்பைத் திருப்பிப் பார்த்தார். வீட்டில் ஏதோ துக்கம் நடந்த மாதிரி இருந்தது.

"பத்து நாள்ல தானா விழுந்திருக்கும்," என்றார் மாமா, காயைப் பார்த்துக்கொண்டே.

"பத்தா? உனக்கு என்னைக்குக் காம்பு பாக்கத் தெரிஞ்சுது? பதினஞ்சு."

"மழை பேஞ்சிருக்கு. பத்து போதும்."

"போன தடவையும் இப்படித்தான் சொன்ன."

"நான் சொல்லல. நீதான் சொன்ன அண்ணே."

மோட்டோ மட்டும் தடதடத்துக்கொண்டிருந்தது. பெரியவர் நிமிர்ந்தார். தான் எங்கே நிற்கிறோம் என்று காலைப் பார்த்தார். அன்னாசி வரிசையைத் தாண்டித் திரும்பி நடந்து, வீட்டுக்குள் போனார்.

"அண்ணேன்னு சொன்னீங்க," என்றாள் அக்கா.

"சொன்னேனா?" என்றார் மாமா. மோட்டோவை அணைத்துவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

நல்ல சகுனமா கெட்ட சகுனமா என்று தெரியாமல் நான் மதியம் சாப்பிடவில்லை. எனக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்று என்னோடு பழகியவர்களுக்குத் தெரியும். மூன்று மணிக்குப் பெரியவரின் மனைவி லெட்சுமியக்கா அன்னாசி வரிசையோரம் வந்து நின்று குரல் கொடுத்தார்.

"செல்வி, பத்துக் காய் இருக்குதானே. அஞ்சு எங்களுது. கொண்டா, சீவி வறுத்தா மொறுமொறுன்னு இருக்கும். உன் தம்பிக்கும் தரேன், பாவம், ஏழு மைலுக்குக் கேக்குற மாதிரி மூச்சு வாங்கியிருக்கான்."

அக்கா காய்களை நீட்டினாள். லெட்சுமியக்கா வாங்கிக்கொண்டு, இன்னும் ஏதோ இருப்பது போல நின்றார்.

"நாளைக்கு வளர்பிறை. தட்டு இருக்கா, இல்ல நான் தரவா?"

தட்டு இருக்கிறது என்று அக்கா தலையை ஆட்டினாள்.

மறுநாள் ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். அன்னாசியைத் தாண்டி இருபது எட்டு வைத்தால் அவர் வீடு. ஆனால் அழைக்கப் போகிறவர்கள் வாசல் வழியாகத்தான் போக வேண்டும் என்று சாலையைச் சுற்றிப் போனோம். முன்னால் மாமாவும் அக்காவும், பின்னால் தர்ஷினி, கடைசியில் தட்டோடு நான். வெற்றிலை, பாக்கு, பழம், பூ, மேலே பத்திரிகை. கீழே போட்டுவிடுவேன் என்ற பயத்தில் தர்ஷினி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தாள். மாமா வழியில் இரண்டு முறை செருப்பைச் சரி செய்தார். செருப்பில் ஒன்றும் இல்லை.

கதவு விரியத் திறந்திருந்தது. பெரியவர் நாற்காலியில் இருந்தார், சட்டை போட்டு. மாமாவும் அக்காவும் சேர்ந்து தட்டை நீட்டினார்கள். அவர் எழுந்து இரண்டு கையாலும் வாங்கினார். பத்திரிகையைப் பிரித்தார். கண்ணாடியை மாட்டி, மேலேயிருந்து கீழே வரை வாசித்தார். மறுபடியும் மேலே போனார். தன் பெயரில் விரலை வைத்துக்கொண்டு மாமாவைப் பார்த்தார்.

"கேக்கல அண்ணே," என்றார் மாமா. "கேட்டா வேணாம்பேன்னு..."

"தெரியும்."

"தெரியுமா?"

"லூனாஸ் ஊரு சொந்தக்காரங்க கார்டு கெடச்ச அன்னைக்கே போன்ல படம் புடிச்சு அனுப்பிட்டாங்க. மூணு வாரம் ஆச்சு. என்ன கோவிந்தன், உன் வீட்டு விசேஷமாமே, எங்களுக்குச் சொல்லவே இல்லியேன்னு ஆளாளுக்குக் கேக்குறான். நான் என்ன சொல்றது? ஆமா, வந்துடுங்கன்னுதான் சொன்னேன்."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். லெட்சுமியக்கா உள்ளேயிருந்து வந்தார்.

"அதச் சொல்றீங்க, இதச் சொல்லுங்க. மூணு வாரமா இந்த மனுஷன் வீட்ட விட்டு நகரல செல்வி. காய் வாங்க பாசாருக்கும் நான்தான், கடைக்கும் நான்தான். நீங்க தட்டோட வந்து, பூட்டின கதவப் பாத்துட்டுத் திரும்பிப் போயிடுவீங்களாம்."

"நீ சும்மா இரு," என்றார் பெரியவர்.

தர்ஷினி அவர் காலில் விழுந்தாள். எழுந்து அவர் தோளில் சாய்ந்து அழுதாள். அவர் அவள் முதுகைத் தட்டிக்கொண்டே, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் என்னைப் பார்த்தார். நான் என் வெறுங்கையைப் பார்த்தேன்.

பிறகு அவர் பின்னங்கழுத்தைத் தடவிக்கொண்டார். அப்போதுதான் கவனித்தேன், முடி காதை மூடிச் சட்டைக் காலர்மேல் புரண்டுகொண்டிருந்தது. மோட்டோ சாவியைச் சுவரிலிருந்து எடுத்தார்.

"லெட்சுமி, இவங்களுக்குத் தேத்தண்ணி கலக்கு. ஒக்காருங்க, வந்துடறேன். மொதல்ல போயி இந்த முடிய வெட்டிக்கிட்டு வரேன்."